குரொஸ்மனின் குறிப்பேடும் வரலாறு மாஸ்ரரின் கேள்விகளும்

எங்கள் கல்லூரியில் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்த மாஸ்ரர், போரைப் பற்றிய எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வாசிக்கச் சொல்வார். எழுதியவர் எங்கே நின்று பார்த்தார்? யாரிடம் கேட்டார்? கேட்டதை எப்போது எழுதிவைத்தார்? பதில் கிடைக்காத புத்தகத்தையும் வாசிக்கலாம், ஆனால் அதிலுள்ள தொகையை நம்பிப் பரீட்சையில் எழுதக்கூடாது என்பது அவர் கட்டளை. மொஸ்கோவில் அச்சாகி மலிவு விலையில் வந்த தமிழ் மொழிபெயர்ப்புகள் அப்போது நூலகத்தில் ஓர் அலுமாரி நிறைய இருந்தன. அவற்றுள் சோவியத் எழுத்தாளர் வசீலி குரொஸ்மன் இல்லை. அவருடைய பெரிய நாவலான ‘வாழ்வும் விதியும்’ அந்நாட்களில் சொந்த நாட்டிலேயே பூட்டிவைக்கப்பட்டிருந்தது. மாஸ்ரரின் கேள்விகளுக்கு ஒன்றுவிடாமல் பதில் தரும் எழுத்தாளர் அவர். நம்மவர்கள் பலர் போர்க்காலத்தை எழுதத் தொடங்கியிருக்கும் இந்த வேளையில் அவர் வேலைசெய்த முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

குரொஸ்மன் 1905 டிசம்பரில் உக்ரேனின் பெர்டிச்சிவ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மொஸ்கோ பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தார். டொன்பாஸ் நிலக்கரிச் சுரங்கப் பகுதியிலும் பிறகு மொஸ்கோவில் ஒரு பென்சில் தொழிற்சாலையிலும் வேலைபார்த்தார். 1934இல் வெளியான சிறுகதை ஒன்றை கோர்க்கி பாராட்டியபின் முழுநேர எழுத்தாளரானார். ஆகவே போருக்கு முன்பே கதை எழுதியவர்தான். ஆனால் இன்று உலகம் அறிந்த நாவலாசிரியரை உருவாக்கியது போர்முனை.

1941 யூனில் ஜெர்மனி படையெடுத்தபோது படையில் சேர முன்வந்தார். உடல் பருமன், கிட்டப்பார்வை, கையில் ஊன்றுகோல்: சிப்பாயாக எடுக்க மறுத்தார்கள். செம்படையின் நாளேடான ‘கிராஸ்னயா ஸ்வெஸ்தா’வின் ஆசிரியர் டேவிட் ஒர்டென்பர்க் அவரை நிருபராகச் சேர்த்துக்கொண்டார். அதன்பிறகு பேர்லின் வரை ஏறக்குறைய 1,000 நாட்கள் போர்முனைகளில் கழித்தார். அக்காலத்தில் தன்னால் வாசிக்க முடிந்த ஒரே புத்தகம் டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ என்றும் அதை இரண்டு தடவை வாசித்ததாகவும் பின்னர் சொல்லியிருக்கிறார்.

அவர் செய்தி சேகரித்த விதம் மற்ற நிருபர்களிடமிருந்து வேறுபட்டது. எதிரில் இருப்பவர் பேசும்போது குறிப்பேட்டைத் திறக்கமாட்டார். பென்சிலைக் கண்டதும் சிப்பாய் அரசியல் அதிகாரியிடம் பேசுவதுபோலப் பேசத் தொடங்கிவிடுவான். பத்திரிகையில் ஏற்கெனவே வாசித்த வசனங்களையே திருப்பிச் சொல்வான். குரொஸ்மன் பக்கத்தில் இருந்து ஊர், குடும்பம், சாப்பாடு, சப்பாத்து என்று பேச்சுக் கொடுப்பார். கேட்டதை அன்றிரவே, மறக்குமுன், குறிப்பேட்டில் எழுதிவைப்பார். இந்த முறைக்கு இரண்டு விஷயம் வேண்டும்: நல்ல ஞாபகம், அன்றன்றே எழுதும் ஒழுங்கு. ஒரு நாள் பிந்தினாலும் சொன்னவரின் சொல்லுக்குப் பதிலாக எழுதுபவரின் சொல் வந்து உட்கார்ந்துவிடும். அவருடைய குறிப்பேடுகளில் சிப்பாய்களின் பேச்சுவழக்கு, கெட்ட வார்த்தை, பாதியில் நின்ற வசனம் எல்லாம் அப்படியே கிடப்பதற்குக் காரணம் இந்த ஒழுங்கு.

1942 ஒக்ரோபரில் ஸ்ராலின்கிராட்டின் பரிக்காடி தொழிற்சாலைப் பகுதியைக் காத்து நின்ற 308ஆம் டிவிசன், சைபீரியர்களைக் கொண்டது. அதன் தளபதி குர்த்தியெவ் வாய் திறக்காத மனிதர் என்று பெயரெடுத்தவர். அவர் குரொஸ்மனோடு ஆறு மணித்தியாலம் பேசினார் என்று ஒர்டென்பர்க் எழுதியிருக்கிறார். அந்தப் பேச்சிலிருந்து வந்த கட்டுரையின் வரிகள், இரும்புக் காற்று முகத்தில் அறைந்தும் அவர்கள் முன்னேறிக்கொண்டே இருந்தார்கள் என்று தொடங்குபவை, இன்று அந்நகரின் மமாயெவ் குன்றிலுள்ள போர் நினைவுச் சின்னத்தில் கல்லில் இருக்கின்றன. 1967இல் அது திறக்கப்பட்டபோது எழுதியவரின் பெயரைப் பொறிக்கவில்லை. குர்த்தியெவ் 1943 ஓகஸ்டில் ஒரியோலில் இறந்துபோனார். அந்த ஆறு மணித்தியாலத்தைப் பிறகு யாரும் திருப்பி எடுத்திருக்க முடியாது.

போர்முனையில் நாட்குறிப்பு எழுதுவது தடைசெய்யப்பட்டிருந்தது. குரொஸ்மனின் குறிப்பேடுகளில் தப்பியோடிய சிப்பாய்கள், சொந்தப் படை நிறைவேற்றிய மரண தண்டனைகள், ஜெர்மன் மண்ணில் செம்படையினர் பெண்களுக்குச் செய்த கொடுமைகள் எல்லாம் உள்ளன. யாராவது பறித்து வாசித்திருந்தால் அவர் உயிர் தப்பியிருக்காது. பத்திரிகைக்குப் போனது இதில் ஒரு பகுதிதான். ‘யூதர் இல்லாத உக்ரேன்’ என்ற கட்டுரையை அவருடைய சொந்த நாளேடே ஏற்கவில்லை. 1943இல் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் வந்த பத்திரிகை ஒன்றில்தான் வந்தது. அச்சில் ஏறாத மிச்சம் குறிப்பேட்டில் கிடந்து பின்னர் நாவலுக்குள் வந்தது.

1944 கோடையில் செம்படை போலந்தின் திரெப்ளிங்காவை அடைந்தது. ஜெர்மானியர் அங்கிருந்த கொலைமுகாமை முந்திய ஆண்டே பிரித்தெடுத்து, நிலத்தை உழுது, லூப்பின் என்ற அவரையினப் பயிரை விதைத்து, ஒரு விவசாயியைக் குடியேற்றிவிட்டுப் போயிருந்தார்கள். பார்ப்பதற்குக் கட்டடம் இல்லை. குரொஸ்மன் உயிர்தப்பிய கைதிகளையும், சுற்றுவட்டாரக் குடியானவர்களையும், ரயில்வே தொழிலாளரையும், பிடிபட்ட காவலரையும் விசாரித்தார். ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒப்பிட்டு, ரயில் வந்து நின்றதிலிருந்து நச்சுவாயு அறைக் கதவு வரை நடந்ததைப் படிப்படியாக அடுக்கினார். அந்த ஆண்டு நவம்பரில் ‘ஸ்நாமியா’ சஞ்சிகையில் வெளியான அக்கட்டுரை நாசித் தலைவர்கள்மீதான நியூரம்பேர்க் விசாரணையில் ஆவணமாகப் பயன்பட்டது.

அதில் ஒரு பெரிய பிழையும் உண்டு. இறந்தோர் தொகையை அவர் முப்பது இலட்சம் என்று கணக்கிட்டார். இன்றைய ஆய்வாளர் 7 முதல் 9 இலட்சம் வரை என்கிறார்கள். பிழை எங்கே வந்தது என்பதை மாஸ்ரர் இருந்தால் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருப்பார். ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டதால் வண்டிகளின் எண்ணிக்கை, ஒரு வண்டியில் ஏற்றிய ஆட்கள், ரயில் வந்த நாட்கள் ஆகியவற்றைச் சாட்சிகளிடம் கேட்டுப் பெருக்கினார். ரயில்கள் எல்லா மாதமும் ஒரே வேகத்தில் வரவில்லை. 1942இன் பிற்பாதியில் மிக அதிகம், பிறகு குறைவு. உச்சமான நாட்களே சாட்சிகளின் மனதில் பதிந்திருந்தன. முகாமின் நடைமுறையைப் பற்றிச் சாட்சிகள் சொன்னவை பெரும்பாலும் சரியாகவும், பெருக்கிப் பெற்ற தொகை தவறாகவும் இருக்கின்றன. போர்நினைவு எழுதுவோர் எல்லோரும் பார்க்க வேண்டிய இடம் இது. கண்டவர் கண்டதைச் சொல்வார், தொகை அவருக்குத் தெரியாது.

குரொஸ்மனின் தாய் யெக்காத்தெரீனா பிரெஞ்சு மொழி ஆசிரியை. பெர்டிச்சிவில் அகப்பட்டு 1941 செப்ரெம்பரில் மற்ற யூதர்களோடு சுட்டுக்கொல்லப்பட்டார். போர் தொடங்கிய முதல் நாட்களில் அவரை மொஸ்கோவுக்குக் கூட்டிவராதது மகனைக் கடைசிவரை அரித்தது. தாய் இறந்த பிறகும் 1950இலும் 1961இலும் அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இந்தத் துயரம் ஸ்ராலின்கிராட் போரைப் பற்றிய அவருடைய இரண்டு நாவல்களில் இரண்டு விதமாக வருகிறது. முதல் நாவலில் விக்டர் ஷ்த்ரூம் என்ற பௌதிகவியலாளருக்குத் தாயின் கடைசிக் கடிதம் கைமாறிக் கைமாறி வந்து சேருகிறது. அதில் என்ன எழுதியிருந்தது என்பது வாசகருக்குச் சொல்லப்படவில்லை. ‘வாழ்வும் விதியும்’ நாவலில் முழுக் கடிதமும் ஓர் அத்தியாயமாக வருகிறது. உண்மையில் குரொஸ்மனுக்கு அப்படியொரு கடிதம் வரவேயில்லை. நிருபராக அவர் சேகரித்த எதிலும் கிடைக்காத ஒன்றை நாவலாசிரியராக எழுதவேண்டி வந்தது. இரண்டாவது நாவல் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

இவ்விரண்டில் முதல் நாவலுக்கு அவர் வைத்த பெயர் ‘ஸ்ராலின்கிராட்’. 1949இல் ‘நோவி மிர்’ சஞ்சிகையிடம் கொடுத்தார். அச்சாக 1952 ஆயிற்று. இடையில் திருத்தம்மேல் திருத்தம். யூதரான ஷ்த்ரூமை எடுத்துவிடச் சொன்னார்கள். அவர் மறுத்து, ஷ்த்ரூமுக்குமேல் ஒரு ரஷ்ய விஞ்ஞானியை ஆசானாகச் சேர்த்தார். தலைப்பு ‘நியாயமான இலட்சியத்துக்காக’ என்று மாறியது. 1953 பெப்ரவரியில் கட்சியின் நாளேடான ‘பிராவ்தா’ நாவலைத் தாக்கியது. அடுத்த மாதம் ஸ்ராலின் இறந்ததால் ஆபத்து விலகியது.

‘வாழ்வும் விதியும்’ எழுதும்போது அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பத்திரிகைகளில் வீரக்கதையாக வந்த முற்றுகையிடப்பட்ட வீடு, இங்கே 6/1 இலக்க வீடாகிறது. அதன் தளபதி கிரெக்கொவ் மேலிடத்துக்கு அறிக்கை எழுத மறுக்கிறான். அவனை ஒழுங்குபடுத்த ஓர் அரசியல் அதிகாரியை அனுப்புகிறார்கள். திரெப்ளிங்காக் கட்டுரையில் ஒரு தொழிற்சாலைபோல விவரித்த கொலைமுறை, நாவலில் சோஃபியா என்ற வைத்தியரும் டேவிட் என்ற அந்நியச் சிறுவனும் கைபிடித்து நடக்கும் சில பக்கங்களாகிறது. நடைமுறையின் ஒவ்வொரு படியும் தெரிந்தவர் என்பதால் அங்கே எதையும் விளக்காமல் போக அவரால் முடிந்தது.

1960 ஒக்ரோபரில் கையெழுத்துப் பிரதியை ‘ஸ்நாமியா’விடம் கொடுத்தார். 1961 பெப்ரவரி 14இல் சோவியத் இரகசியப் பொலிஸான கேஜிபி வந்தது. எழுத்தாளரை விட்டுவிட்டுப் புத்தகத்தைக் கைதுசெய்தார்கள்: தட்டச்சுப் பிரதிகள், வரைவுகள், கார்பன் தாள்கள், தட்டச்சு ரிப்பன்கள். கடைசியாக அடித்த பக்கங்களின் எழுத்து கார்பன் தாளில் பதிந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். சஞ்சிகை அலுவலகங்களிலும் தட்டச்சு செய்தவர்களிடமும் இருந்த பிரதிகளையும் அள்ளிப்போனார்கள். நாட்டின் தலைவர் குருஷேவுக்குக் கடிதம் எழுதியதன் பயனாக 1962இல் கட்சியின் கருத்தியல் பொறுப்பாளர் சுஸ்லொவ் அழைத்துப் பேசினார். இன்னும் இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்கு இது அச்சாகாது என்பதே பதில். 1964 செப்ரெம்பரில் குரொஸ்மன் புற்றுநோயால் இறந்தார்.

நாவல் தப்பியதற்குக் காரணம், பிரதிகளை அவர் முன்கூட்டியே பிரித்துவைத்திருந்ததுதான். ஒன்று கவிஞர் செம்யோன் லிப்கினிடம், இன்னொன்று இலக்கிய வட்டாரத்துக்கு வெளியே இருந்த நண்பர்களிடம். பின்னதைத் தேடும் யோசனை கேஜிபிக்கு வரவில்லை. லிப்கினின் பிரதி, பௌதிகவியலாளர் சகாரொவ், எழுத்தாளர் வொய்னொவிச் முதலியோரின் உதவியுடன் நுண்படச் சுருளாகி வெளிநாடு சென்றது. படம் தெளிவில்லாத இடங்களில் வரிகள் விடுபட, 1980இல் சுவிற்சர்லாந்தின் லொசானில் ரஷ்ய மொழியில் முதற்பதிப்பு வந்தது. 1988இல் சோவியத் நாட்டிலேயே ‘ஒக்தியாபர்’ சஞ்சிகையில் வெளிவந்தது. அதன்பிறகே இரண்டாவது பிரதி வெளிப்பட்டு, ஆசிரியர் கைப்படத் திருத்தியவற்றைச் சேர்க்க முடிந்தது. பறிமுதல் செய்த தாள்களை ரஷ்யப் பாதுகாப்புத் துறை ஆவணக் காப்பகத்துக்குக் கையளித்தது 2013இல்.

ஆங்கிலத்தில் வாசிப்பவர்களுக்கு ரொபேர்ட் சான்ட்லரின் மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. போர்க்காலக் குறிப்பேடுகளும் தனி நூலாக உள்ளன. குறிப்பேடு, திரெப்ளிங்காக் கட்டுரை, பிறகு நாவல் என்ற வரிசையில் வாசித்தால் எது எங்கிருந்து வந்தது என்று விளங்கும். பாத்திரங்களின் ரஷ்யப் பெயர்கள் தொல்லை தரும். பின்னிணைப்பிலுள்ள பட்டியலைப் படியெடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நேரம் இல்லாதவர்கள் ‘வாழ்வும் விதியும்’ முதற்பாகத்தின் 18ஆம் அத்தியாயத்தை மட்டும் எடுக்கலாம். தாயின் கடிதம் அங்கேதான் இருக்கிறது. மற்றக் கதை தெரியாவிட்டாலும் அது புரியும்.