‘பார்த்துப் படிக்கும் பிள்ளை’ என்ற முத்திரை வேண்டாம்

ழகரத்தை வெறும் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்துவிட முடியாது. வாலை, வாளை, வாழை மூன்றையும் ஆசிரியர் சொல்ல, பிள்ளை காதால் கேட்டு, நாக்கு நுனியை மேலே மடித்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். தப்பினால் அங்கேயே திருத்த வேண்டும். தமிழ்நாட்டு ஆறுகளை இதே மாதிரி காதால் மட்டும் கேட்டால் தாமிரபரணி எங்கே ஓடுகிறது என்று மனத்தில் பதியாது. அதற்கு வரைபடம் வேண்டும். எப்படிக் கற்பிப்பது என்பதைப் பெரும்பாலும் பாடம்தான் முடிவு செய்கிறது, பிள்ளையின் ‘வகை’ அல்ல.

ஆனால் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிரிக்கும் பழக்கம் வகுப்பறைகளில் நன்றாக வேர்விட்டிருக்கிறது. நீல் ஃபிளெமிங், கொலீன் மில்ஸ் இருவரும் 1992இல் எழுதிய ‘வார்க்’ முறைக்கு இதைப் பரப்பியதில் பெரிய பங்கு உண்டு. அதில் வாசித்து எழுதிக் கற்பவர் என்று இன்னொரு வகையும் இருக்கிறது. 2008இல் ஹெரால்ட் பாஷ்லரும் உடன் மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். வகைக்கு ஏற்ற முறையில் கற்பித்தால் பிள்ளை கூடுதலாகக் கற்கும் என்பதற்குப் போதுமான சான்று இல்லை என்றார்கள். பிள்ளைகளுக்கு விருப்பம் இருப்பது உண்மைதான். படம் பிடிக்கும், விளையாட்டு பிடிக்கும். பிடிப்பது வேறு, மனத்தில் நிற்பது வேறு.

முத்திரையால் வரும் பெரிய கெடுதல், அது உண்மையான காரணத்தை மறைத்துவிடுவது. “சொன்னால் புரிஞ்சுக்கிறான், போர்டைப் பார்த்து எழுதத்தான் மாட்டேங்கிறான்” என்றால் முதலில் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கண்ணைச் சுருக்குவதும் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவதும் கிட்டப்பார்வையாக இருக்கலாம். வார்த்தைக் கணக்கில் தடுமாறினால், ஒரு கணக்கைத் தானே வாசித்துப் போடச் சொல்லுங்கள். அதே அளவு கடினமான இன்னொன்றை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். இரண்டாவது மட்டும் சரியாக வருகிறதென்றால் சிக்கல் வாசிப்பில் இருக்கிறது. அந்தப் பிள்ளையைக் ‘கேட்டுக் கற்பவர்’ என்று சொல்லி வாசிப்புப் பயிற்சியைக் குறைப்பது அநியாயம்.

சரி, வேறு என்ன செய்வது? ஒரே கருத்தைப் பல வடிவங்களில், வகுப்பில் உள்ள எல்லோருக்கும் காட்டுவது. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பின்னத்தை எடுத்துக்கொள்வோம்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் 24 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் நான்கு காகிதப் பட்டைகள். 24 என்பது 2, 3, 4 மூன்றாலும் மீதியின்றி வகுபடும், அதனால்தான் இந்த அளவு. ஒன்று முழுசாக இருக்கட்டும். ஒன்றைப் பாதியாகவும், ஒன்றை மறுபடி பாதியாக்கிக் காலாகவும் மடிக்கலாம். மூன்றில் ஒன்றைக் கண்ணளவில் மடிக்க விட்டால் துண்டுகள் சமமாக வராது. அளவுகோல் வைத்து 8, 16 செ.மீ.யில் குறித்த பிறகே மடிக்கச் சொல்லுங்கள். சமமில்லாத துண்டைப் பின்னம் என்று நம்பினால் பின்னால் வரும் எல்லாம் தவறும்.

இப்போது 1/3 பெரிதா, 1/4 பெரிதா? 4 பெரிய எண் என்பதால் பலர் 1/4 என்பார்கள். உடனே திருத்தாமல் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்க விடுங்கள், ஏன் என்று வாயால் சொல்லவும் விடுங்கள். அடுத்து கட்டம் போட்ட நோட்டில் 12 கட்டங்களை ஒன்று என்று வைத்து வரையட்டும்: பாதி 6 கட்டம், மூன்றில் ஒன்று 4, கால் 3. அதன்பின் எண்கோடு. இங்கேதான் பலர் வழுக்குவார்கள். நான்கு பாகம் கேட்டால் 0க்கும் 1க்கும் நடுவே நான்கு கோடு போட்டு ஐந்து பாகமாக்கிவிடுவார்கள். வேண்டியது மூன்று கோடு. மடித்த பட்டையை எண்கோட்டின் மேல் வைத்தால் தவறு தானாகத் தெரியும். பட்டையோடு நிறுத்திவிடாமல் படம், எண்கோடு, எண் வரை எல்லோரையும் கொண்டுபோக வேண்டும். பட்டை பிடிக்கிறது என்பதற்காக ஒரு பிள்ளையை அதிலேயே விட்டுவைத்தால் ஆறாம் வகுப்பில் திணறும்.

மறுநாள் பட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, துண்டுச் சீட்டில் நான்கே கேள்வி. மதிப்பெண் கிடையாது. சீட்டுகளைத் தவறின் தன்மையைப் பார்த்துப் பிரியுங்கள்: பகுதி (கீழே உள்ள எண்) பெரிதானால் பின்னமும் பெரிது என நினைப்பவை, 1/2 + 1/3 = 2/5 என்று மேலேயும் கீழேயும் கூட்டியவை, சரியானவை. அன்றைய குழு இதுதான். அடுத்த வாரம் குழு மாற வேண்டும். நம் அரசுப் பள்ளிகளின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதும் பிள்ளை எட்டிய நிலையை வைத்துத்தான். அதனால் அது எனக்குப் பிடிக்கும். ஆனால் ஆண்டு முழுக்க ஒரு பிள்ளை அரும்பிலேயே உட்கார்ந்திருந்தால் அதுவும் முத்திரைதான்.

அதே கேள்விகளை எண் மாற்றி மூன்றாம் நாளும் ஒரு வாரம் கழித்தும் கேளுங்கள். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களே முந்தினார்கள். வீட்டிலும் “படிச்சிட்டியா?” என்று கேட்பதைவிட, புத்தகத்தை மூடச் சொல்லி “கால் பெரிசா, மூணுல ஒண்ணு பெரிசா, எப்படிச் சொல்றே?” என்று கேட்கலாம். பிள்ளை படம் போட்டுக் காட்டினாலும் சரி, வாயால் சொன்னாலும் சரி, காரணம் வந்ததா என்று மட்டும் பாருங்கள்.