நீக்கியிருந்தது

விடைத்தாளில் குறைத்த அந்த இரண்டு மார்க் இன்னும் உறுத்துகிறது. ஆதாமும் ஏவாளும் கடவுளின் கட்டளையை மீறி வீழ்ந்த கதையைச் சொல்லும் மில்டனின் ஆங்கிலக் காவியம் ‘பாரடைஸ் லாஸ்ட்’ பற்றிய கேள்வி. ஆதாமும் ஏவாளும் தாங்களாகவே மனந்திரும்பினார்கள், அதைக் கண்டு கடவுளின் கிருபை இறங்கியது என்று மாணவி எழுதியிருந்தாள். வரிசை தவறு என்று அடித்தேன்.

அடித்ததற்குக் காரணம் உண்டு. பதினோராம் காண்டத்தின் தொடக்கத்தில், கிருபை முன்பே வந்து அவர்கள் நெஞ்சிலிருந்த கல்லை ‘நீக்கியிருந்தது’ என்கிறார் மில்டன். ‘நீக்கியது’ அல்ல. பைபிளில் எசேக்கியேல் 36:26இல் வருகிற கல்லான இருதயம் அது. வீழ்ச்சிக்கு முன், மூன்றாம் காண்டத்திலேயே, கல்நெஞ்சங்களை இளக்குவதாகப் பிதாவாகிய கடவுள் சொல்லிவிடுகிறார்.

அவள் மார்க்கைப் பற்றிக் கேட்கவில்லை. “அப்போ அந்தக் கண்ணீர் யாரோடது மேடம்?” என்றாள். “அவங்க ரெண்டு பேரோடதும்தான்” என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

மன்னிப்பு கிடைத்தும் ஏதேனை விட்டு வெளியேறத்தான் வேண்டும் என்பது வகுப்பில் எல்லோருக்கும் எளிதில் புரிகிறது. சிக்கல் பத்தாம் காண்டத்தில்தான். ஆதாம் ஏவாளைப் பாம்பே என்று விரட்டுகிறான். அவள் போகாமல் அவன் காலில் விழுகிறாள். தண்டனையெல்லாம் என் ஒருத்தி தலையில் விழட்டும் என்கிறாள். ‘உம் கோபம் என்மேல் விழட்டும்’ என்று மூன்றாம் காண்டத்தில் மனிதருக்காகக் குமாரன், அதாவது கிறிஸ்து, பிதாவிடம் சொன்னதன் எதிரொலி இது. ஆனால் இங்கே மேலிருந்து எதுவும் இறங்கியதாகக் கவிதை சொல்லவில்லை. அவன் மனம் இளகுகிறது. தீர்ப்புச் சொன்ன இடத்துக்கே போய் விழுந்து மன்றாடுவோம் என்கிறான் (வரிகள் 1086–1092). அதே வரிகள் ஏறக்குறைய அப்படியே திரும்ப வருகின்றன (1098–1104): ‘விழுவோம்’ என்பது ‘விழுந்தார்கள்’ ஆகிறது. காண்டம் அங்கே முடிகிறது. 1674ஆம் ஆண்டுப் பதிப்பில் பத்துக் காண்டங்கள் பன்னிரண்டாயின. இந்த இடத்து முறிவோ 1667ஆம் ஆண்டு முதல் பதிப்பிலேயே இருந்தது. ஆக, பக்கத்தைப் புரட்டும்வரை வாசகரும் என் மாணவியைப் போலவே நம்பட்டும் என்று மில்டனே விட்டிருக்கிறார்.

அப்படியானால் அவள் எழுதியது பிழையா? அடுத்த காண்டத்தையும் படித்துத்தானே எழுதியிருக்க வேண்டும்? மார்க்கை நான் மாற்றவில்லை. இப்போது கேள்வியை ‘பத்தாம் காண்டத்தின் முடிவு வரை’ என்று வரையறுத்துக் கேட்கிறேன். அதுவும் சரியாகப் படவில்லை, பதிலைப் பாதியிலேயே வெட்டிவிடுகிறது.

எந்தக் கண்ணீர் என்று அவளைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். மன்றாடும்போது மண்ணை நனைத்த கண்ணீர் என்று நானாக எடுத்துக்கொண்டேன். அதற்கு முன்பே, ஆதாமின் காலடியில் நிற்காமல் வழிந்த ஏவாளின் கண்ணீரும் இருக்கிறது. ‘நீக்கியிருந்தது’ என்ற சொல் அதுவரைக்கும் பின்னோக்கிப் போகுமா?