உருகாத வால்வு: ஒரு குக்கர் வழக்கின் அனுபவம்

குக்கர் வெடித்த வீட்டில், காயத்துக்கு மருந்திட்ட கையோடு செய்ய வேண்டியது, அந்தக் குக்கரைக் கழுவாமல் மூடியோடும் கேஸ்கெட்டோடும் அப்படியே கட்டி எடுத்து வைப்பதுதான். என் அம்மாவின் வலக்கையில் கொதிக்கும் பருப்பு தெறித்த அன்று தம்பி அதைச் செய்ததால்தான் எங்களால் வழக்கை நடத்த முடிந்தது.

கடைக்காரர் மூடியை மட்டும் மாற்றித் தருவதாகச் சொன்னார். உற்பத்தி நிறுவனமோ, விசில் குழாயில் பருப்புத் தோல் அடைத்திருந்ததாகவும், அது எங்கள் கவனக்குறைவு என்றும் கடிதம் எழுதிக் கைகழுவியது. குழாய் அடைத்திருந்தது உண்மையாகவே இருக்கட்டும். அப்படி அடைபடும் வேளையில் உருகி ஆவியை வெளியேற்றத்தானே மூடியில் சேஃப்டி வால்வு வைக்கிறார்கள்? எங்கள் மூடியில் அந்த வால்வின் உலோகம் துளியும் உருகாமல் புதிதுபோல் இருந்தது.

வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் வராததால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்தோம். நிறுவனம் வெளி மாநிலத்தில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை இருந்தாலும், போதிய எச்சரிக்கை தராவிட்டாலும் உற்பத்தியாளரே பொறுப்பு என்கிறது பிரிவு 84. பொருளைத் தவறாகப் பயன்படுத்தினோம் என்று எதிர்த்தரப்பு வாதிட்டபோது, அந்தக் காரணத்துக்காகப் பிரிவு 87 தரும் விலக்கு விற்பனையாளருக்கு மட்டுமே உரியது என்று எங்கள் வக்கீல் எடுத்துக்காட்டினார். பிறகு எங்கள் மனுவின் பேரில் வால்வு பரிசோதனைக் கூடத்துக்குப் போயிற்று. உருக வேண்டிய வெப்பத்தில் அது உருகவில்லை என்ற அறிக்கைக்கு நிறுவனத்திடம் மறுமொழி இல்லை.

விலையைத் திருப்பித் தரவும், காயத்துக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு வழங்கவும் உத்தரவாயிற்று, பணமும் வந்துவிட்டது. ஆனால் அதே மாதம் தயாராகி, அதே வால்வு பொருத்தப்பட்ட குக்கர்கள் இன்னும் எத்தனை அடுப்புகளில் ஏறுகின்றனவோ என்ற கவலை எங்களை விடவில்லை. பாதுகாப்பற்ற பொருள்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறவும், வாங்கியவர்களுக்கு விலையைத் திருப்பித் தரவும் உத்தரவிடும் அதிகாரம் பிரிவு 20-இன்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு இருக்கிறது; கட்டாயத் தரத்துக்கு இணங்காத குக்கர்களை விற்க இடமளித்த இணைய விற்பனைத் தளங்கள் அவற்றைத் திரும்பப் பெற வேண்டும் என்று 2022-இல் அது உத்தரவிட்டும் இருக்கிறது. ஆகவே, மூடியில் பொறித்த தயாரிப்பு மாதத்தைக் குறிப்பிட்டு, பரிசோதனை அறிக்கையையும் தீர்ப்பின் நகலையும் இணைத்து, சட்டம் அனுமதிக்கிறபடி மாவட்ட ஆட்சியர் மூலமாக அந்த ஆணையத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறோம். அதே கம்பெனிக் குக்கர் வைத்திருக்கும் எங்கள் தெருக்காரர்களும் அதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.