என் பூட்டு, என் சாவி

சிங்கப்பூர் துவாஸில் தகடு வெட்டி வளைக்கும் பட்டறையில் எனக்கு மெயின்டனன்ஸ் வேலை. இடுப்பில் எப்போதும் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கும். மிஷினுக்குள் கை விடும் முன் மெயின் சுவிட்சை இறக்கி, அதில் இந்தப் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய அட்டையையும் மாட்டுவேன். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. சூப்பர்வைசரே அவசரப்படுத்தினாலும் என் பூட்டை நான்தான் கழற்றுவேன்.

கரண்ட்டை நிறுத்தினால் போதும் என்று புதிதாக வரும் தம்பிகள் நினைக்கிறார்கள். பிரஸ் மிஷினில் ஹைட்ராலிக் அழுத்தம், அதாவது எண்ணெயின் அழுத்தம், உள்ளேயே நிற்கும். மேலே நிற்கும் ராம், அதாவது தகட்டை அமுக்கும் இரும்புப் பாகம், தன் கனத்திலேயே இறங்கிவிடும். அழுத்தத்தை வெளியேற்றி, ராமுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, கடைசியாக ஸ்டார்ட் பட்டனையும் அமுக்கிப் பார்க்க வேண்டும். ஓடவில்லையா? சரி, இப்போது கை வைக்கலாம்.

கையுறை விஷயத்தில்தான் ஓயாத வாக்குவாதம். தகடு தூக்கக் கட்டாயம் வேண்டும். டிரில்லிங் மிஷின் முன்னால் கூடவே கூடாது. சுற்றும் பிட் ஒரு நூலைப் பிடித்தாலும் விரலைச் சேர்த்து இழுத்துவிடும். இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரில் சுற்றும் கல்லுக்கும் வேலைப்பொருளைத் தாங்கும் தட்டுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கல் தேயத் தேய தட்டை நகர்த்தணும். யார் செய்கிறார்கள்?

2006இல் இங்கே வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளிக்கு மட்டுமல்ல, தொழிலாளிக்கும் கடமை வைத்திருக்கிறது. அதைச் சொன்னால், “ஒரு பீஸ்தானே அண்ணே, பாதுகாப்பு மூடியைக் கழற்றிட்டு ஓட்டிடலாம்” என்பார்கள். நான் ஸ்பேனரைக் கொடுப்பதில்லை.