ஆறு அங்குல ஜாயின்டர்

ஊரில் கட்டில் வேண்டுமென்றால் மரக்கடையில் தேக்கு எடுத்துப் போட்டுவிட்டு ஆசாரிக்குச் சொல்லி அனுப்புவோம். முற்றத்தில் வேலை நடக்கும். நம் பங்கு டீ வாங்கிக் கொடுப்பதோடு சரி. கனடாவின் ஒன்டாரியோவில் கணக்கு தலைகீழ். இங்கே இயந்திரம் மலிவு, ஆள்கூலி யானை விலை. சமையலறையில் இரண்டு அலமாரிக் கதவு மாற்ற ஒருவர் கேட்ட தொகையைப் பார்த்த பிறகுதான், எங்கள் தெருவில் பாதி கராஜுக்குள் கார் நிற்காமல் ரம்பம் நிற்பதன் காரணம் விளங்கியது. இங்குள்ள கிச்சனர் நகருக்கு வந்து வேலை ஓரளவு நிலைத்ததும் நானும் ஒரு டேபிள் சா, அதாவது மேசை ரம்பம், வாங்கினேன். கார் வெளியே போனது. ஜனவரி காலையில் கார் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும்போது மட்டும் மனைவியின் பார்வை வேறு மாதிரி இருக்கும். அந்தக் கராஜுக்குப் பின்னால் வந்து சேர்ந்த ஜாயின்டரின் கதை இது, பலகையைத் தட்டையாக இழைக்கும் இயந்திரம்.

பெரிய கடைகளில் கிடைப்பது இழைத்துத் தயாராக வைத்த பலகை. ‘டூ பை ஃபோர்’ என்று விற்பதை அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான். ஊர் மரக்கடையில் இப்படிக் கொடுத்தால் சண்டையே வரும். பைனை விட்டு மேப்பிள், செர்ரி என்று ஆசைப்பட்டால் அந்தக் கடைகளில் விலை கட்டுபடியாகாது. அதற்கு எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. எல்மைரா, செயின்ட் ஜேக்கப்ஸ் சுற்றுவட்டாரத்தில் மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்கள் நடத்தும் அறுவை மில்கள். இன்னும் குதிரை வண்டியில் போய்வரும் பழைய மரபுக்காரர்களும் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். விலை போர்டு ஃபுட் கணக்கு: ஒரு போர்டு ஃபுட் 144 கன அங்குலம், அதாவது நம்மூர்க் கன அடியில் 12-ல் ஒரு பங்கு. கனத்தைக் கால் அங்குலங்களாக எண்ணுவார்கள்; ஃபோர் குவார்ட்டர் என்றால் ஒரு அங்குலம், எய்ட் குவார்ட்டர் என்றால் இரண்டு.

நான் முதலில் வாங்கியது ஆஷ். 2002-ல் டெட்ராய்ட்டிலும் வின்ட்சரிலும் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு, ஆசியாவிலிருந்து வந்தது, இந்தப் பக்கத்து ஆஷ் மரங்களைக் கூட்டம் கூட்டமாகச் சாகடித்துவிட்டது. பட்டுப்போவதற்குள் வெட்டியவை மில்லுக்கு வந்து சேர்ந்தன. வெளிர் நிறம், நீளமான ரேகை, பேஸ்பால் மட்டை செய்கிற உறுதி. நல்ல மரம்தான். ஆனால் மில்லிலிருந்து வந்த கோலத்தில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ரம்பத்தின் தடம் அப்படியே இருக்கும். சூளையில் உலர்ந்தபோது ஒரு மூலை தூக்கிக்கொண்டிருக்கும், நடு குழிந்திருக்கும். முதலில் ஒரு முகம் தட்டையாக வேண்டும். அப்புறம் அந்த முகத்துக்கு மூலைமட்டத்தில் ஒரு ஓரம். இந்த இரண்டும் அமைந்தால்தான் மற்ற இயந்திரங்களில் அளவு நிற்கும். ஜாயின்டரின் வேலை இவ்வளவுதான். முன் மேசை, பின் மேசை என்று இரண்டு, நடுவில் சுழலும் கத்தி உருளை, பக்கத்தில் பலகையைச் சாய்த்துப் பிடிக்க ‘வேலி’ என்கிற நிமிர்ந்த தகடு. முன் மேசையிலிருந்து பின் மேசைக்குத் தள்ளினால் பலகையின் அடிப்பக்கம் இழைபடும்.

பிளேனர் இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. பிளேனர் கனத்தைச் சீராக்கும், முறுக்கை எடுக்காது. அதன் உருளைகள் பலகையை அமுக்கிக்கொண்டு இழுக்கின்றன. உள்ளே படிந்து போகும் பலகை வெளியே வந்ததும் பழையபடி எழுந்து நிற்கும். தட்டையான பிளைவுட் மேல் பலகையை வைத்து, ஆடும் இடத்தில் ஆப்பு கொடுத்து பிளேனருக்குள் அனுப்பலாம். ஒன்றிரண்டு பலகைக்கு அது சரி. இழைப்புளியிலும் செய்யலாம். எங்கள் ஊர் ஆசாரி அப்படித்தான் செய்தார், அவருக்கு அந்தத் தோள் இருந்தது. எனக்கு இருப்பது கீபோர்டு தட்டிய தோள்.

ஜாயின்டரில் நுழையும் பலகையின் அகலம் ஆறு அங்குலமா, எட்டு அங்குலமா என்பதுதான் இதில் பெரிய கேள்வி. எட்டு அங்குல இயந்திரங்கள் பெரும்பாலும் 240 வோல்ட் கேட்கும். ஊரில் எந்தப் பிளக்கில் சொருகினாலும் 230 வோல்ட். இங்கே சுவரில் சாதாரணமாக வருவது 120. மின்சார அடுப்பு, துணி உலர்த்தும் மெஷின் போன்றவற்றுக்குத்தான் 240-க்குத் தனி லைன். கராஜுக்கு இன்னொன்று இழுக்க ஒன்டாரியோ மின் பாதுகாப்பு ஆணையத்தில் பதிய வேண்டும், எலக்ட்ரீஷியனுக்கு மறுபடி அந்த யானை விலை.

இதை ஒரு யாழ்ப்பாணத்து அண்ணனிடம் சொன்னேன். டொரண்டோ பக்கம் கிச்சன் கேபினட் தொழிற்சாலையில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு இப்போது மகள் வீட்டோடு கிச்சனரில் இருக்கிறார். “தம்பி, எட்டு இஞ்சிக்கு ஆசைப்படாதை. நீ என்ன ஃபாக்டரியே நடத்தப்போறாய்? பழைய இரும்பா ஒண்டு வாங்கு, மிச்சக் காசுக்கு மரம் வாங்கு.” பெரிதாக வாங்காவிட்டால் பின்னால் வருந்துவோம் என்று எல்லாரும் சொல்வதை நானும் சொன்னேன். “வருந்தினா வித்துப்போட்டுப் பெரிசு வாங்கு. பழைய இரும்புக்கு என்ன, வாங்கின விலைக்கே போகும்.”

பழைய இரும்புக்கு, அதாவது அந்தக் காலத்துக் கனமான இயந்திரங்களுக்கு, இந்த நாடு நல்ல இடம். கியூபெக்கின் டிரம்மண்ட்வில்லில் ஜெனரல் கம்பெனி கனமான மரவேலை இயந்திரங்களைச் செய்துவந்தது. எங்களுக்குப் பக்கத்திலேயே, குவெல்ஃபில், ராக்வெல்-பீவர் இயந்திரங்கள் செய்தார்கள். வீட்டை விற்று அபார்ட்மென்டுக்குப் போகும் ஒரு பெரியவரின் பேஸ்மென்டில் அந்த ராக்வெல்-பீவர் ஆறு அங்குல ஜாயின்டர் ஒன்று இருப்பதாகத் தெரிந்ததும் அண்ணனையும் அழைத்துக்கொண்டு போனேன்.

அவர் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். மோட்டாரை ஓடவிடச் சொல்வார் என்று நினைத்தேன். முதலில் தேடியது கத்திமேல் மூடும் காவல் தகட்டை. “இது இல்லாட்டி இனாமாத் தந்தாலும் வேண்டாம்.” இருந்தது, தள்ளிவிட்டால் ஸ்பிரிங்கில் சட்டென்று திரும்பியும் வந்தது. அப்புறம் இரும்பு நேர்கோலை இரண்டு மேசைகளுக்கும் குறுக்கே நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து வெளிச்சம் கசிகிறதா என்று குனிந்து பார்த்தார். முன் மேசையின் வெளிநுனி கொஞ்சம் தொங்கியிருந்தது. பக்கத்துத் திருகுகளை இறுக்கியதும் நிமிர்ந்தது. பெல்டைக் கழற்றி, கத்தி உருளையைக் கையால் சுற்றிக் காது கொடுத்தார். கரகரப்பு இல்லை. மேலே படிந்திருந்த துருவை அவர் கண்டுகொள்ளவே இல்லை. பெரியவர் 550 டாலர் சொன்னார், 475-க்கு முடிந்தது. மேசையைக் கழற்றித் தனியாக, ஸ்டாண்டைத் தனியாக, மாடிப்படி ஏற்றி வேனில் வைப்பதற்குள் மூன்று பேருக்கும் மூச்சு வாங்கிவிட்டது.

வீட்டில் சரிசெய்ததில் முக்கியமானது பின் மேசையின் உயரம். கத்தி சுழலும் வட்டத்தின் உச்சிக்கு அது சமமாக நிற்க வேண்டும். தாழ்ந்தால் பலகையின் கடைசி ஓரிரு அங்குலத்தில் பள்ளம் விழும். உயர்ந்தால் பலகை முட்டும், இல்லையென்றால் ஓரம் சரிவாகும். காகிதக் கன வித்தியாசம்கூடத் தெரியும். இன்னொரு தொல்லை இந்த ஊர்க் குளிர். மார்ச்சில் ஒருநாள் திடீரென்று வெயில் அடிக்கும். ஈரக்காற்று கராஜுக்குள் வந்து, குளிர்ந்து கிடக்கும் இரும்பின்மேல் வேர்வையாக நிற்கும், மறுநாள் துரு. மெழுகு தேய்த்து, மேலே ஒரு பழைய போர்வை போட்டுவைக்கிறேன். ஓரடிக்குக் குறைந்த துண்டை இதில் தள்ளுவதில்லை, எவ்வளவு அவசரமானாலும்.

முதல் பெரிய வேலை கொலுப்படி. மனைவி கேட்டது ஐந்து படி, கழற்றி அடுக்கி வைக்கிற மாதிரி. ஆறு அங்குலத்துக்குள் அடங்கும் பலகைகளை இணைத்துத்தான் அகலமான படி வரும். ஒட்டும் இரண்டு ஓரங்களில் ஒன்றுக்கு நல்ல முகம் வேலிப் பக்கம், அடுத்ததற்கு நல்ல முகம் வெளிப்பக்கம் என்று மாற்றித் தள்ளச் சொன்னார் அண்ணன். வேலி அரை டிகிரி சாய்ந்திருந்தாலும் இரண்டு ஓரமும் ஒன்றையொன்று ஈடுகட்டி, சேர்ந்ததும் தட்டையாக நிற்கும். ஒட்டிய கோட்டைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நவராத்திரிக்கு வந்த இரண்டு வீட்டார் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள்; இப்போது அவர்களுக்கும் படி வேண்டுமாம்.

போன மாதம் மில்லில் ஒன்பது அங்குல அகலத்தில் ஒரு வால்நட் பலகை எடுத்தேன். ஜாயின்டரில் நுழையாது. எட்டு அங்குலம் வாங்கியிருந்தாலும் நுழையாது என்பதில் எனக்கு ஒரு அற்பத் திருப்தி. அண்ணன் வந்து பார்த்தார். “நடுவால கிழிச்சுத் தட்டையாக்கிப்போட்டுத் திருப்பி ஒட்டு, ஆருக்குத் தெரியப்போகுது?” சரிதான். ஆனால் அந்த ரேகையை நடுவில் அறுக்கக் கை வரவில்லை. பிளைவுட்டும் ஆப்பும் தேடி வைத்திருக்கிறேன்.