1964 கேலக்ஸி ஸ்டாக் கார்: முன் சக்கர டிரம் பிரேக் வேலை

முன் சக்கர பிரேக் வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது. கார் 1964 ஃபோர்டு கேலக்ஸி. 427 கன அங்குல எஞ்சினோடு, அந்தக் காலத்து நாஸ்கார் (அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயம்) அமைப்பில் இருக்கிறது. சொந்தக்காரர் ஓய்வுபெற்ற மெஷினிஸ்ட், வீடு வட கரோலினாவில் சார்லட் நகருக்கு வெளியே. நான் சனிக்கிழமைகளில் போய்க் கூடமாட வேலை செய்கிறவன், அவ்வளவுதான்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றே: "பேசாமல் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போட்டுவிட்டால் என்ன?" போடலாம்தான். ஆனால் 1964-இல் இந்தக் கார்கள் நான்கு சக்கரத்திலும் டிரம்மை வைத்துக்கொண்டுதான் ஓடின. நாஸ்கார் பந்தயத்தில், ரிவர்சைட் மைதானத்தில் மார்க் டானஹ்யூ என்ற ஓட்டுநர் நான்கு சக்கர டிஸ்க் பிரேக் போட்ட ஏஎம்சி மேட்டடார் காரில் ஜெயித்தது 1973 ஜனவரியில்தான். டிஸ்க் போட்டால் இந்தக் கார் நன்றாக நிற்கும், ஆனால் 1964 காராக இருக்காது என்கிறார் சொந்தக்காரர். எனக்கும் அவர் கட்சிதான்.

டிரம் பிரேக்குக்கு நிறுத்தும் பலம் போதாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பலம் தாராளமாகவே உண்டு. சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தில் ஷூ என்ற இரண்டு வளைந்த கட்டைகள் அழுத்தி உரசுவதுதான் டிரம் பிரேக்; ஷூவின் மேல் ஒட்டிய உரசும் பட்டை லைனிங். இதில் இருப்பது பெண்டிக்ஸ் டியோ-சர்வோ வகை. முன்பக்க ஷூ டிரம்மைத் தொட்டதும் சுழற்சி அதை இழுத்துக்கொண்டு போகிறது. அது கீழே இருக்கும் அட்ஜஸ்டர் வழியாகப் பின்பக்க ஷூவைத் தள்ளி, அதை இன்னும் அழுத்தமாக டிரம்மில் பதிய வைக்கிறது. கால் கொடுக்கும் அழுத்தம் பல மடங்காகப் பெருகிவிடும். சிக்கலும் இதில்தான். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே உள்ள சின்ன வித்தியாசமும் அதேபோலப் பல மடங்காகும்.

இன்னொரு எதிரி சூடு. மார்ட்டின்ஸ்வில் ஓவலை (முட்டை வடிவப் பந்தயப் பாதை) எடுத்துக்கொள்ளுங்கள். சுற்று 0.526 மைல், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை பிரேக் பிடித்தாக வேண்டும். 500 சுற்றுப் பந்தயம் என்றால் ஆயிரம் தடவை. 1,800 கிலோ காரை மணிக்கு 145 கிலோமீட்டரிலிருந்து 80-க்கு இறக்கினால் சுமார் 10 லட்சம் ஜூல் வெப்பம் வெளிவரும். மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவர அது போதும். 1964 செப்டம்பரில் அங்கே ஜெயித்து, அந்த மைதானத்தின் முதல் ஆளுயரக் கடிகாரப் பரிசை வாங்கியவர் ஃப்ரெட் லாரன்சன். ஹோல்மன்-மூடி கட்டிய ஃபோர்டு, நான்கு சக்கரத்திலும் டிரம். பிரேக்கைக் கடைசிவரை மிச்சம் பிடித்து ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், வேறு வழியில்லை.

சூடேறினால் டிரம் விரியும். 11 அங்குல வார்ப்பிரும்பு டிரம் 300 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் விட்டம் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் கூடும். ஷூவை விட்டு விலகிப் போகும் விரிவு இது, அதனால் பெடல் கீழே இறங்குகிறது. டிஸ்க் தடிக்கும்போது, அதை இருபுறமும் கவ்வும் பேடை நோக்கி வருவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

சரி, நம் கார் கதைக்கு வருவோம். பிரேக் மிதித்தால் இடது பக்கம் இழுத்தது. ஓவல் ஓட்டுகிறவர்களுக்கு இடப்பக்கம் லேசாக இழுப்பது பிடிக்கும், திருப்பம் அந்தப் பக்கம்தானே. இது லேசாக இல்லை. கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினால் இடது டிரம் 290 டிகிரி, வலது 200-ஐக்கூடத் தாண்டவில்லை. அதாவது வலது பக்கம் சோம்பேறித்தனம் செய்கிறது, இடது பக்கம் இரண்டு பேர் வேலையைப் பார்க்கிறது.

வீல் சிலிண்டர் (ஷூவைத் தள்ளும் சிறிய சிலிண்டர்) கசிவு, உள்ளே ஊதிப்போன ரப்பர் ஹோஸ், லைனிங்கில் கிரீஸ், முன்-பின் ஷூ மாறிக் கிடப்பது என வழக்கமான சந்தேகங்களை எல்லாம் பார்த்தாயிற்று. எதுவும் இல்லை. அப்புறம் டிரம்மின் உள்விட்டத்தை அளந்தோம். இடது 11.010 அங்குலம், வலது 11.055. கடைய அனுமதி 11.060 வரைதான், ஆகவே வலது டிரம் விளிம்பில் நிற்கிறது. எப்போதோ யாரோ அதை லேத்தில் ஏற்றித் தாராளமாகக் கடைந்திருக்கிறார்கள். ஷூ மட்டும் இரண்டு பக்கமும் ஒரே வளைவு.

டிரம்முக்குள் சாக்பீஸ் தேய்த்து ஷூவை வைத்து லேசாக நகர்த்தினால் விஷயம் தெரிந்துவிடும். வலது ஷூவில் நடுவில் மட்டும் வெள்ளைத் தடம், இரண்டு முனைகளும் சுத்தம். டிரம் பெரிதாகி ஷூவின் வளைவு சிறிதாக இருந்தால் நடுப்பகுதி மட்டும்தான் உரசும், பிடிப்பு குறையும். இதற்கு நேர்மாறாக முனைகள் மட்டும் தொட்டால் கவ்விப் பிடித்துக் கிறீச்சிடும்.

3 அங்குல அகல டிரம் இப்போது நினைத்தவுடன் கிடைப்பதல்ல. அதனால் வலது ஷூக்களுக்குத் தடித்த லைனிங் ஒட்டவைத்து, ஒவ்வொரு ஷூவையும் அதனதன் டிரம்முக்கு ஏற்ற வளைவில் அரைத்தெடுத்தோம். இதற்கென்றே ஷூ அரைக்கும் பழைய மெஷின் ஒன்று அவரிடம் இருக்கிறது. ஒரு காலத்தில் எல்லா பிரேக் கடைகளிலும் இருந்த சாமான். கல்நார் தூசி நுரையீரலை அரிக்கும் என்று தெரிந்த பிறகு மூலைக்குப் போய்விட்டது. நாங்கள் அரைத்தது கல்நார் இல்லாத புது லைனிங். பழைய லைனிங்கின் தூசியை ஈரத்துணியால்தான் துடைத்தோம். காற்றடித்து ஊதுவது கூடவே கூடாது.

பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைக் குழாய்களில் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் விஷயத்தில் மட்டும் 1964-ஐ விட்டுக்கொடுத்தோம். அந்த ஆண்டு கேலக்ஸியில் ஒற்றை சிலிண்டர்தான். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. 1950-களின் தொடக்கத்தில் ஓவல்களில் கொடிகட்டிப் பறந்த ஹட்சன் ஹார்னெட்டில் இதற்கு ஒரு மாற்று இருந்தது. ஹைட்ராலிக் கைவிட்டால் பெடல் இன்னும் கீழே போய்ப் பின் பிரேக்கை இரும்பு இணைப்பு வழியே இழுத்துப் பிடிக்கும். மற்ற கம்பெனிகள் அதை ஏன் கண்டுகொள்ளவில்லையோ! அமெரிக்கக் கார்களில் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் பரவலானது 1967-இல். நாங்களும் அந்த வகையையே போட்டோம். வாங்கும்போது டிரம்முக்கான எஞ்சிய அழுத்த வால்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது குழாயில் 10 பிஎஸ்ஐ அளவு அழுத்தத்தை எப்போதும் வைத்திருக்கும். டிஸ்க்குக்கானதை மாட்டினால் பெடல் தொளதொளவென்று கீழே போகும்.

பிரேக் ஆயில் டாட் 4. புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி; ஈரம் உறிஞ்சினால் 155-க்கு இறங்கும். அதனால் சீசனுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். பிரேக்குக்குக் குளிர்காற்று போக, முன் கிரில்லிலிருந்து 3 அங்குல ஹோஸ் இரண்டை இழுத்து, பேக்கிங் பிளேட்டில் (டிரம்மின் பின்புறத்தை மூடும் தகடு) வலை போட்ட ஓட்டைக்கு விட்டிருக்கிறோம்.

லைனிங் பதிவதற்காக மிதமான வேகத்தில் பிரேக் பிடித்துவிட்டு, ஆறவிட்டு, மறுபடி பிடித்து ஓட்டினார் சொந்தக்காரர். பிறகு அளந்தபோது இரண்டு டிரம்முக்கும் வித்தியாசம் 20 டிகிரிக்குள். இடது இழுப்பு இன்னும் ஒரு துளி இருக்கிறது. அதை அப்படியே விடச் சொல்லிவிட்டார்.

அடுத்தது பின் சக்கரம். வலப்பக்க சீலிலிருந்து டிஃபரன்ஷியல் ஆயில் கசிந்து லைனிங்கை நனைத்திருக்கிறது. சீல் ஆர்டர் போட்டாயிற்று, லைனிங்கும் புதிது வேண்டும்.