சிங்கப்பூரில் மைனஸ் 40 டிகிரி

கார் ஏர்கான் குளிரவில்லை என்று இங்கே யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில், "கேஸ் போடு". கார் பட்டறைகள் நிறைந்த ஊபியிலும் அதே, காக்கி புக்கிட்டிலும் அதே. கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்ந்துபோக? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வந்து குளிர வைப்பது அது. சட்டென்று குறைந்துவிட்டால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், கசிவைப் பார்க்காமல் போட்டுக்கொண்டே இருந்தால் கரைவது நம்முடைய வெள்ளிதான்.

எங்கள் காரில் காற்றுக்குக் குறைவில்லை, பலமாகத்தான் வந்தது, ஆனால் வெறும் காற்று. ஏசி பொத்தானை அழுத்தினால் என்ஜின் பக்கம், கேஸை அழுத்திச் சுற்ற வைக்கும் கம்ப்ரஸரின் கிளட்ச் 'டக்' என்று பிடிக்கும் சத்தம் வரும், அது வரவில்லை. டேஷ்போர்டில் வெளி வெப்பநிலையைப் பார்த்தால் -40. தோ பாயோவில், மத்தியான வெயிலில்!

விஷயம் இதுதான். முன் பம்பருக்குப் பின்னால், கிரில்லை ஒட்டி, வெளி வெப்பநிலையை அளக்க விரல் நுனி அளவில் ஒரு சென்சார் தொங்கும். உள்ளே இருப்பது தெர்மிஸ்டர். சூடு ஏறினால் அதன் மின்தடை இறங்கும், குளிர்ந்தால் ஏறும். வயர் அறுந்துபோனால் மின்தடை எக்கச்சக்கமாகிவிடும், கம்ப்யூட்டர் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். வெளியே உறைபனி என்று நம்புகிற கார் கம்ப்ரஸரைப் பாதுகாக்க அதை ஓட விடாது. பனி பெய்யும் ஊரில் நியாயமான ஏற்பாடு, நமக்கு வேர்த்துக் கொட்டுகிறது.

வீவக அடுக்குமாடிக் கார்பார்க்கில் பம்பரைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார முடியாது, அதனால் சிராங்கூன் கார்டன்ஸில் இருக்கும் மச்சான் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனேன். சென்சாரைக் கழற்றி அதன் இரண்டு கால்களிலும் மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை வைத்தேன். 25 டிகிரியில் சில கார்களில் 10 கிலோ ஓம் காட்டும், சிலவற்றில் 2 கிலோ ஓம்கூட வராது, எண் முக்கியமில்லை. அது அசைகிறதா என்று பாருங்கள். உள்ளங்கைக்குள் பொத்தியதும் எண் மெல்ல இறங்கியது, மச்சான் கொடுத்த ஐஸ் கட்டிமேல் வைத்ததும் கிடுகிடுவென்று ஏறியது. சரி, சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. ஆன்லைனில் புதிது ஆர்டர் செய்திருந்தால் அந்தக் காசு வீண்.

அடுத்து வயர் பக்கத்துப் பிளக். சாவியை ஆன் செய்தால் அங்கே கிட்டத்தட்ட 5 வோல்ட் வரவேண்டும். மீட்டரில் பூஜ்யம். அங்கிருந்து வயரை விரலால் தடவிக்கொண்டே போனால், பம்பரைத் தாங்கும் இரும்புப் பட்டைக்கு அடியில் நசுங்கிக் கிடக்கிறது. முன்பு ஒருமுறை பம்பரைப் பழுதுபார்த்த பட்டறையில், வயரை அடியில் வைத்தே போல்ட்டை முறுக்கியிருக்கிறார்கள். மழைத்தண்ணீர் இறங்கி உள்ளே செம்பு பச்சைப் பொடியாகியிருந்தது. வெளியுறை நன்றாகத் தெரியும் இடத்திலும் உள்ளுக்குள் பச்சை ஏறியிருக்கும், அதனால் பளபளவென்று செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போகவேண்டும். புதுத் துண்டு வயரை சால்டர் வைத்து, மேலே சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சுருக்கி, பட்டையிலிருந்து விலக்கிக் கட்டினேன். சாமான் எல்லாம் சிம் லிம் டவரில் கிடைக்கிறவைதான்.

ஸ்டார்ட் செய்ததும் 'டக்'. சில கார்களில் டேஷ்போர்டு எண் உடனே மாறாது, என்ஜின் சூட்டில் ஏமாறாமல் இருக்க மெதுவாகத்தான் ஏற்றும், கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள்.

முதலில் நன்றாகக் குளிர்ந்து, போகப் போகக் காற்று குறைந்து, அணைத்துவைத்தால் திரும்ப வருகிறதா? அது பெரும்பாலும் காற்றைக் குளிர வைக்கும் எவாப்பரேட்டர் பக்கத்து சென்சார், எவாப்பரேட்டரில் பனிக்கட்டி பிடித்திருக்கும், அதையும் பொறுமை இருந்தால் நீங்களே பார்க்கலாம். கேஸ் குழாயில் திருகியிருக்கும் பிரஷர் சென்சாரை மட்டும் தொடாதீர்கள். சில கார்களில் அதற்கு அடியில் வால்வு இருக்காது, கழற்றினால் கேஸ் முழுக்கப் பீய்ச்சி அடித்து விரலை உறைய வைத்துவிடும்.